பவளமும் கடற்புல்லும்: வானிலிருந்து பார்க்கும்போது முதலில் நீரைக் கழியுங்கள்

கரையோரக் கடலின் செயற்கைக்கோள் படம் ஒன்றைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர்நீலப் பரப்பு, நடுவே கரும்பச்சைத் திட்டுகள், வெளி ஓரத்தில் பழுப்பு விளிம்பு. வெளிர்நீலம் மணல், கரும்பச்சை கடற்புல், பழுப்பு பவளம் என்று உடனே கோடு போட்டுப் பிரித்துவிடலாம் போலிருக்கும். பல இடங்களில் அது சரியாகவும் அமைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஆழத்தில் கிடக்கும் மணலும் ஆழமற்ற இடத்துக் கடற்புல்லும் படத்தில் ஒரே கருமையோடு விழும். எது புல், எது ஆழம் என்பதைப் படம் தானாகச் சொல்லாது.

இந்தத் துறையில் ஆய்வுத் திட்டம் எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் எந்த வகைப்படுத்தும் நிரலைப் பயன்படுத்துவது என்பதில் வாரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். உண்மையான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் ஒளியில் கடலடியின் பங்கு சிறியது. காற்று மண்டலம் சிதறடித்த ஒளி, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்த வெயில், நீருக்குள்ளேயே சிதறிய ஒளி ஆகிய மூன்றும் அதன்மேல் ஏறியிருக்கின்றன. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பவளமும் புல்லும்.

நீர் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது?

சின்னக் கணக்கு ஒன்று போட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒளி 5 மீட்டர் கீழே போய், அடியில் பட்டு, 5 மீட்டர் மேலே வர வேண்டும். மொத்தம் 10 மீட்டர் பயணம். கலங்கலே இல்லாத தூய நீர் என்றே வைத்துக்கொள்வோம். 490 நானோமீட்டர் நீல ஒளியில் சுமார் 86 சதவீதம் தப்பித் திரும்பும். 560 நானோமீட்டர் பச்சையில் ஏறக்குறைய 54 சதவீதம். 665 நானோமீட்டர் சிவப்பிலோ 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். அண்மை அகச்சிவப்பு ஒளி அரை மீட்டர் ஆழம் போய்த் திரும்புவதற்குள் கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்துவிடும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன. சிவப்பு பேண்ட் (சிவப்பு ஒளியை மட்டும் பதிவுசெய்யும் பட அடுக்கு) 2, 3 மீட்டர் ஆழம் வரைதான் உருப்படியான தகவல் தரும். அதற்குக் கீழே நீலம், பச்சை ஆகிய இரண்டை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். ஆகவே ஆழம் கூடக்கூட, பிரித்தறியக்கூடிய வகைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போகும். மூன்றாவதுதான் அடிக்கடி தவறவிடப்படுவது: நிலத்துத் தாவரங்களுக்குப் பயன்படும் என்.டி.வி.ஐ. குறியீட்டை மூழ்கிய கடற்புல்லுக்குப் போடக்கூடாது. அது அண்மை அகச்சிவப்பை நம்பியிருக்கிறது. நீருக்குள்ளிருந்து அது வெளியே வருவதே இல்லை. கணினி என்னவோ அழகான வரைபடம் ஒன்றைத் தரும். அந்த வரைபடம் காட்டுவது பெரும்பாலும் ஆழத்தையும் கலங்கலையும்தான். நீர் வற்றி, புல் வெளியே தெரியும் நேரத்தில் எடுத்த படம் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

படம் தேர்ந்தெடுப்பது

தொடக்கநிலை ஆய்வுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 போதும். படங்கள் இலவசம். நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கும் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன, அதாவது படத்தின் ஒரு பிக்சல் 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடக்கின்றன. 443 நானோமீட்டர் கடலோர நீல பேண்டும் உண்டு, ஆனால் அது 60 மீட்டர் நுணுக்கம். திட்டு திட்டான பவளத்துக்கு அது பெரிதாக உதவாது. பல பத்தாண்டு மாற்றம் வேண்டுமென்றால் லேண்ட்சாட் வரிசைதான் வழி. 30 மீட்டர் நுணுக்கத்தில் 1980களிலிருந்து படங்கள் இருக்கின்றன. 3 மீட்டர் அளவில் பிளானட்ஸ்கோப், 2 மீட்டர் அளவில் வேர்ல்ட்வியூ-2 போன்றவை கூர்மையானவை. பணம் அல்லது சிறப்பு அனுமதி கேட்பவை.

மேகம் 10 சதவீதத்துக்குக் கீழ் என்று வடிகட்டிவிட்டு முதலில் வரும் படத்தை எடுத்துவிடாதீர்கள். அந்த மேகக் கணக்கு முழுப் படத்துக்கானது. உங்கள் பவளத்திட்டின் மேல் மட்டும் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கலாம். பத்துப் பதினைந்து படங்களையாவது கண்ணால் பாருங்கள். மழைக்கும் பலத்த காற்றுக்கும் அடுத்த சில நாள் படங்களைத் தள்ளுங்கள், நீர் கலங்கியிருக்கும். ஆழ்நீர்ப் பகுதியில் வெண்ணிற நெளிவுகளோ, படம் முழுக்க அகலப் பட்டைகளோ தெரிந்தால் அது சூரியப் பளபளப்பு. சென்டினல்-2 கேமராவில் 12 உணரிகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அதனால்தான் பளபளப்பு பட்டை பட்டையாக விழுகிறது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே உள்ளூர் நேரத்தில், முற்பகல் 10.30 வாக்கில் கடக்கும். ஓதமோ (கடல் ஏற்றமும் வற்றமும்) நாளுக்கு நாள் நேரம் மாறி வருவது. எனவே ஒவ்வொரு படத்துக்கும் அந்த நேரத்து ஓத அளவைக் குறித்து வைப்பது கட்டாயம். ஒரு படம் வற்றத்திலும் மற்றொன்று ஒரு மீட்டர் ஏற்றத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், புல் அப்படியே இருந்தும் அது குறைந்ததாகவோ கூடியதாகவோ தெரியும்.

இன்னொரு கண்ணி எண்களில் ஒளிந்திருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்மதிப்போடு 1000 சேர்த்துத் தருகிறார்கள். பழைய படங்களில் 10000ஆல் வகுத்தால் ஒளித்திருப்பல், அதாவது விழுந்த ஒளியில் திரும்பிய பங்கு கிடைக்கும்; புதியவற்றில் முதலில் 1000 கழித்துவிட்டு வகுக்க வேண்டும். கழிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டால், 2022 தொடக்கத்தில் உலகத்துக் கடலடி எல்லாம் ஒரே நாளில் வெளுத்துவிட்டது போலிருக்கும். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பு, பெயரிலேயே ‘ஹார்மனைஸ்டு’ என்ற சொல்லோடு தனியாக இருக்கிறது, அதையே எடுங்கள்.

காற்றையும் பளபளப்பையும் கழிப்பது

காற்றுமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட லெவல் 2ஏ படம் தயாராகவே கிடைக்கும். ஆனால் அந்தத் திருத்தம் அடிப்படையில் நிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. நீரின் மேல் நீல பேண்டில் தவறுகள் வரும், சில நேரம் எதிர்மறை மதிப்புகூட வரும். கரையோர நீருக்கென்றே எழுதப்பட்ட அகோலைட் போன்ற இலவச மென்பொருளில், இந்தத் திருத்தம் செய்யாத லெவல் 1சி படத்தைக் கொடுத்துத் திருத்துவது மேல். இரண்டு முறையிலும் செய்து, ஆழ்நீர்ப் பகுதியில் சில பிக்சல்களின் மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்தால் எது நம்பத்தகுந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து பளபளப்பு. 2005இல் ஹெட்லியும் உடன் பணியாற்றியவர்களும் எளிமைப்படுத்தித் தந்த முறை இன்றும் போதுமானது. அதன் அடிப்படை இதுதான்: ஆழ்நீரிலிருந்து அண்மை அகச்சிவப்பு வெளியே வரக்கூடாது, அப்படியும் வந்தால் அது மேற்பரப்பில் தெறித்த வெயில். எனவே பளபளப்பு அதிகமும் குறைவும் கலந்த ஆழ்நீர்ப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அகச்சிவப்பு மதிப்பைக் கிடையச்சிலும் நீல மதிப்பைச் செங்குத்தச்சிலும் வைத்து நேர்கோடு பொருத்துங்கள். கோட்டின் சாய்வு 0.8 என்று வந்ததாக வைப்போம். அந்தப் பகுதியில் அகச்சிவப்பின் மிகக் குறைந்த மதிப்பு 0.01. இனி உங்கள் பவளத்திட்டில் ஒரு பிக்சலின் நீலம் 0.085, அகச்சிவப்பு 0.03 என்றால், திருத்திய நீலம் 0.085 கழித்தல் 0.8 பெருக்கல் 0.02, அதாவது 0.069. பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனிச் சாய்வு கண்டு இதையே செய்ய வேண்டும்.

கெடுவது எங்கே? முழங்கால் அளவு நீரிலும், வற்றத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையிலும், மிதக்கும் பாசியிலும் அகச்சிவப்பு இயல்பாகவே வரும். அதையும் பளபளப்பு என்று எண்ணிக் கழித்தால் அந்த இடங்கள் கறுத்துப்போய், பிறகு அடர்ந்த கடற்புல் என்று வகைப்படும். கரையை ஒட்டி மட்டும் கச்சிதமான ஒரு புல் பட்டை உங்கள் வரைபடத்தில் ஓடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஆழத்தைக் கழிப்பது

ஆய்வாளர் லைசெங்கா 1978லும் 1981லும் முன்வைத்த கருத்து இங்கே கைகொடுக்கிறது. ஆழம் கூடும்போது ஒளி அடுக்குக்குறி முறையில் குறைகிறது. மடக்கை எடுத்தால் அந்த வளைவு நேர்கோடாகிவிடும். நீலத்தின் மடக்கையையும் பச்சையின் மடக்கையையும் வரைபடத்தாளில் எதிரெதிரே குறித்தால், வெவ்வேறு ஆழத்தில் கிடக்கும் ஒரே வகை மணல் ஒரு சாய்கோட்டில் வரிசையாக நிற்கும். கடற்புல் இன்னொரு கோட்டில், அதற்கு இணையாக நிற்கும். ஆழம் மாறினால் புள்ளி கோட்டின் வழியே வழுக்கும். அடி மாறினால் கோடே மாறும். நமக்குத் தேவை எந்தக் கோடு என்பது மட்டும்.

செய்முறையைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஆழமற்றது முதல் ஆழமானது வரை, ஒரே மாதிரியான வெறும் மணல் என்று உறுதியாகத் தெரிந்த 50 பிக்சலாவது எடுங்கள். ஒவ்வொரு பேண்டிலும் ஆழ்நீரின் சராசரி மதிப்பைக் கழித்துவிட்டு இயல் மடக்கை எடுங்கள். நீல மடக்கையின் மாறுபாடு (வேரியன்ஸ்) 0.10, பச்சையினது 0.30, இரண்டின் இணைமாறுபாடு (கோவேரியன்ஸ்) 0.16 என்று வந்தால், முதல் எண் 0.10 கழித்தல் 0.30, அதை இணைமாறுபாட்டின் இரு மடங்கான 0.32ஆல் வகுக்க, மைனஸ் 0.625. அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.179. இரண்டையும் கூட்ட 0.554. நீர் பச்சையை மங்கவைக்கும் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில் நீலத்தை மங்கவைக்கிறது என்பது இதன் பொருள். தெளிந்த கடல்நீருக்குப் பொருத்தமான எண். கடைசியாக, ஒவ்வொரு பிக்சலுக்கும் நீல மடக்கையிலிருந்து 0.554 மடங்கு பச்சை மடக்கையைக் கழித்தால் ஆழம் சாராத குறியீடு கிடைக்கும். நீலம் பச்சையைவிட வேகமாக மங்குவதாக, விகிதம் 1க்கு மேல் வந்தால் ஒன்று நீரில் பாசித்துகள், கரைந்த மட்கு போன்றவை நிறைய இருக்கின்றன, அல்லது நீங்கள் மணல் என்று எடுத்த பிக்சல்களில் வேறேதோ கலந்திருக்கிறது.

படம் முழுவதும் நீரின் தெளிவு ஒன்றே என்று இந்த முறை நம்புகிறது. ஆறு கலக்கும் முகத்துவாரம் ஒரு பக்கம், திறந்த கடல் மறுபக்கம் என்றால் அந்த நம்பிக்கை உடையும். பகுதியை இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். ஆழ்நீர் மதிப்பைக் கழித்தபின் சுழியமோ அதற்குக் கீழோ போன பிக்சல்களுக்கு மடக்கை கிடையாது. அவற்றை ‘அடி தெரியவில்லை’ என்று நேர்மையாக மறைத்துவிடுவதே முறை. ஆழத்தையே ஒரு தனி அடுக்காக நிரலுக்குக் கொடுக்கும் வழியும் உண்டு: 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர் தெளிந்த நீரில் அடிவரை போய்த் திரும்புகிறது, அந்தப் புள்ளிகளை வைத்து நீல-பச்சை விகிதத்தை மீட்டராக மாற்றலாம். முதல் திட்டத்திலேயே அதுவரை போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

களத்தில்

10 மீட்டர் பிக்சல் ஒன்று 100 சதுர மீட்டர். கடற்புல் அளவெடுக்கும் வழக்கமான சதுரச் சட்டம் 50 செ.மீ.க்கு 50 செ.மீ., அதாவது கால் சதுர மீட்டர். பிக்சலில் 400இல் ஒரு பங்கு. ஒரே ஒரு சட்டம் வைத்து ‘இந்தப் பிக்சலில் புல் 70 சதவீதம்’ என்று எழுதுவது, ஒரு பருக்கையைக்கூட அல்ல, அதன் துணுக்கைத் தொட்டுப்பார்த்துச் சோறு வெந்ததைச் சொல்வது. பிக்சலுக்குள் சிதறலாக 5 முதல் 10 சட்டமாவது வைத்துச் சராசரி எடுங்கள். சாதாரண ஜி.பி.எஸ். கருவியின் பிழை 3 முதல் 5 மீட்டர். படத்தின் இடப்பிழையும் சில மீட்டர் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் உங்கள் புள்ளி பக்கத்துப் பிக்சலில் விழும். அதனால் குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரே மாதிரி இருக்கும் இடத்தின் நடுவில் புள்ளியை வையுங்கள். படகு நங்கூரத்திலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். ஆயத்தொலைவைப் படகில் இருந்து அல்ல, நீரில் இறங்கியவரின் மிதவையில் கட்டிய கருவியிலிருந்து எடுக்க வேண்டும். நீருக்குள் ஜி.பி.எஸ். வேலை செய்யாது. ஒவ்வொரு புள்ளியிலும் நேரம், ஆழம், மேலிருந்து ஒரு படம். பவளத்தின் மேல் நிற்பது கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

புள்ளிகள் எத்தனை? துல்லியம் 85 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்து, அதைக் கூட்டிக் குறைத்து 5 சதவீதத்துக்குள் சொல்ல விரும்பினால் 196, அதாவது ஏறக்குறைய 200 சரிபார்ப்புப் புள்ளி தேவை. நிரலைப் பழக்கிய புள்ளிகள் இதில் சேரா. ஒரே பவளத்திட்டில் எடுத்த 40 பிக்சலைக் குலுக்கிப் போட்டுப் பாதியைப் பழக்கவும் பாதியைச் சரிபார்க்கவும் வைத்தால் 97 சதவீதம் துல்லியம் வரும். அடுத்தடுத்த பிக்சல்கள் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்றைத் தெரிந்தால் மற்றதும் தெரியும். திட்டு வாரியாகவே பிரித்து வையுங்கள். ஆலன் கோரல் அட்லஸ் போன்ற உலகளாவிய வரைபடங்கள் களப்பயணம் திட்டமிட மிக நல்லவை. ஆனால் அவையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணித்தவையே என்பதால், உங்கள் கணிப்புக்கு அவற்றைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

வகைகளும் அவற்றின் பிழையும்

மணல், கடற்புல், பவளம் உள்ள பாறை, பாசி படர்ந்த சிதைகல் (உடைந்த பவளத் துண்டுகள்) என்று நான்கு வகையோடு தொடங்குங்கள். பவள இனங்களைப் பிரிக்கப் போகிறேன் என்று 10 மீட்டர் படத்தோடு கிளம்ப வேண்டாம். உயிருள்ள பவளத்தின் பழுப்பு அதனுள் வாழும் நுண்பாசியின் நிறம். செத்த பவளத்தின் மேல் படரும் பாசிக்கும் பச்சையம் உண்டு, பழுப்பும் உண்டு. நீரில் கைவிட்டுத் தொடும் தூரத்தில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு, மூன்று அகலமான பேண்டுகளில் கரைந்துவிடுகிறது.

ராண்டம் ஃபாரஸ்ட் என்ற வகைப்படுத்தும் நிரல் ஓடி முடிந்ததும் வரும் பிழை அட்டவணையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, மணல் 60 புள்ளியில் 57 சரி, கடற்புல் 60இல் 51, பவளம் 50இல் 34, சிதைகல் 30இல் 16. மொத்தம் 200க்கு 158, 79 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. பவளத்தை மட்டும் பார்த்தால் 68 சதவீதம், சிதைகல் 53. எல்லோருக்கும் எளிதான மணல்தான் மொத்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வரைபடம் பவளம் என்று சொன்ன இடங்களையும் திருப்பிப் பார்க்க வேண்டும்: அப்படிச் சொன்னது 46 இடத்தில், உண்மை 34இல், ஆக 74 சதவீதம். ஆய்வறிக்கையில் இந்த இரண்டு எண்ணும் வகைவாரியாக இருக்க வேண்டும்.

வெளுப்பு

பவளம் வெளுக்கும்போது நுண்பாசியை இழந்து வெள்ளையாகிறது. வெள்ளை என்பதால் வானிலிருந்து எளிதில் தெரியும் என்று தோன்றும். ஆனால் மணலும் வெள்ளை. அத்துடன் செத்த பவளத்தைச் சில வாரங்களில் பாசி மூடிவிடும். அந்தக் குறுகிய இடைவெளியில் மேகமில்லாத படம் கிடைக்க வேண்டும், பிக்சலின் கணிசமான பகுதி வெளுத்திருக்கவும் வேண்டும். அதனால் வெளுப்பை நேரடியாகத் தேடுவதைவிட வெப்பத்தைப் பின்தொடர்வதே நடைமுறை. அமெரிக்காவின் நோவா அமைப்பு 5 கி.மீ. நுணுக்கத்தில் நாள்தோறும் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதத்துச் சராசரியைவிடக் கடல் 1 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ சூடானால், அந்தக் கூடுதல் 12 வாரத்துக்குச் சேர்த்துக் கூட்டப்படும். 2 டிகிரி கூடுதல் 4 வாரம் நீடித்தால் 8 டிகிரி-வாரம். 4 தொட்டால் வெளுப்பை எதிர்பார்க்கலாம், 8 தொட்டால் கடும் வெளுப்பும் சாவும். இது கடல் மேற்பரப்பின் சூடு என்பதால், அடியில் வெப்பமானி ஒன்றிரண்டு கட்டி வைத்து ஒப்பிடுவது மாணவர் திட்டத்துக்கே ஏற்ற, செலவு குறைந்த வேலை.

மாற்றம் என்று எப்போது சொல்லலாம்?

100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரமான கடற்புல் படுகை ஒன்று, சரியாக 1 ஹெக்டேர், 100 பிக்சல். அதில் 36 பிக்சல் ஓரத்தில் இருப்பவை. இரண்டு ஆண்டுப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று 5 மீட்டர் விலகி உட்கார்ந்தால், ஒரு பக்கம் 5 சதவீதம் அழிந்ததாகவும் எதிர்ப்பக்கம் 5 சதவீதம் வளர்ந்ததாகவும் காட்டும். எல்லாத் திட்டுகளிலும் அழிவு மேற்கிலும் வளர்ச்சி கிழக்கிலுமாக வந்தால் அது கடலில் நடந்ததல்ல, கோப்பில் நடந்தது. கரையில் உள்ள படகுத்துறை, பாலம் போன்ற அசையாத பொருளை வைத்துப் படங்களை முதலில் பொருத்துங்கள்.

மொத்தப் பரப்பு 412 ஹெக்டேரிலிருந்து 371 ஆகிவிட்டது என்று கணக்கு வந்தால், அது 10 சதவீதக் குறைவு. கடற்புல்லை அடையாளம் கண்டதில் பிழையே 15 சதவீதம் என்றால், இந்த 41 ஹெக்டேரை இழப்பு என்று எழுத இடமில்லை. முதலில் இரண்டு படங்களின் ஓத அளவைப் பாருங்கள், பிறகு மாதத்தை. பல இடங்களில் கடற்புல் பருவத்துக்குப் பருவம் அடர்ந்தும் மெலிந்தும் போகும், மே மாதத்தை நவம்பரோடு ஒப்பிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில், ஓத வேறுபாடு அரை மீட்டருக்குள் இருக்கும் படங்களாக மூன்று நான்கை எடுத்து, அந்த ஆண்டுக்குள்ளேயே பரப்பு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஒரே ஆண்டுக்குள் 30 ஹெக்டேர் ஆடுகிறது என்றால், ஆண்டுக்கு ஆண்டு வரும் 41இல் எவ்வளவு உண்மை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.